குடைக்காரன் கைவிட்ட வழக்கு

மழைக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பிடித்து வந்த வண்டிகளை அடைத்து வைக்கும் அந்தப் பெரிய மைதானத்தின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் தொப்பலாக நனைந்து நின்றாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம், நசுங்கிய லாரிக்கும் தூசி படிந்த வேனுக்கும் நடுவில், அவளுடைய மஞ்சள் கார். அது பாட்டுக்கு அப்பாவியாக நின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. ஆனால் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது 'பட்டாசு' என்றுதான். ஏன் என்பது, உள்ளேயிருந்து குடை பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தானே... அவனுக்கு அடுத்த நிமிடமே புரிந்திருக்கும்.

வாட்ச்மேன் என்று நினைத்து விளாசித் தள்ளிவிட்டாள். யாரோ செய்த தப்புக்கு என் காரை இழுத்து வருவீர்களா, பழி ஓரிடம் பாவம் ஓரிடமா, காலையிலிருந்து ஒருவராவது ஒழுங்காகப் பதில் சொன்னீர்களா என்று மூச்சு விடாமல் கேட்டாள். கடைசியில் குரல் உடைந்து, "காரை எடுத்தீங்க, சரி... என் கத்திரிக்கோலை ஏன் எடுத்தீங்க? அதை வச்சுத்தான் நான் சாப்பிடறேன்" என்றாள்.

அவன் குறுக்கே பேசவில்லை. அவள் முடிக்கும்வரை கேட்டான். கேட்டுக்கொண்டே குடையைக் கம்பிக்கு மேலாக நீட்டி அவள் தலைக்குப் பிடித்தான். அவன் சட்டை நனைய ஆரம்பித்தது.

"வண்டிக்குள்ள இருக்கற பொருள் எப்பவும் உங்களுதுதாங்க. அதை யாரும் பிடிச்சு வைக்க முடியாது. வாங்க, எடுத்துக்கலாம்."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். கேட்பதற்கென்றே செய்து வைத்தது போல் இரண்டு கண்கள்... அமைதியாக, அவசரமே இல்லாமல். அட, இவன் மேல் போய் இவ்வளவு கத்தினோமே என்று இருந்தது.

சேற்றில் நடக்கும்போது நீங்கள் இங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். புகார்களை விசாரித்துத் தீர்ப்பு எழுதுவது என்றான். நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்... பேசியது பேசியதுதானே.

நடந்தது இதுதான். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அத்தான், பஸ் டிரைவர். ஆணியில் தொங்கிய சாவியைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு மேட்ச் பார்க்கப் போனவர், நிறுத்த வேறு இடமே இல்லாதது போல் தீயணைப்பு நிலைய வாசலுக்குக் குறுக்கே காரை நிறுத்தியிருக்கிறார். நல்ல வேளை, அன்றைக்கு எங்கும் தீப்பிடிக்கவில்லை. காரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அபராதம், இழுத்த கூலி, மைதான வாடகை எல்லாம் காருக்குச் சொந்தக்காரி தலையில். அதைக் கட்டினால்தான் கார். கார் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வெட்டி, குளிப்பாட்டி, நகம் நறுக்கிவிடுவது அவள் தொழில். பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தொட்டியும் முடி உலர்த்தும் மெஷினும் வைத்த அந்தக் கார்தான் அவளுடைய கடை.

குடைக்காரன் வழிகளைச் சொன்னான். அனுமதியில்லாமல் எடுத்தார் என்று போலீசில் எழுதிக் கொடுத்தால் அவளுக்குக் கட்டணம் இல்லை. அல்லது ஓட்டியவரே விசாரணைக்கு வந்து ஒத்துக்கொண்டால் கட்டணம் அவர் பெயருக்கு மாறிவிடும். இரண்டும் இல்லையென்றால் அவள்தான் கட்ட வேண்டும்.

போலீசுக்குப் போனால் அத்தானின் லைசென்ஸ் போகும், வேலை போகும், அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சரி, அவரே வந்து ஒத்துக்கொள்வாரா? நன்றாகக் கேட்டீர்கள். அத்தான் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி. குடும்பத்துக்குள் என்ன சாவி, என்ன பர்மிஷன் என்று முறுக்கிக்கொண்டு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் அழுதுகொண்டிருந்தாள்.

கட்டணத்தை எதிர்த்துப் புகார் எழுதிக் கொடுக்க அவனுடைய அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அவன் வேலை செய்வதைப் பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள். வருகிறவர்களுக்கு எதிரே உட்காராமல், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கண் தெரியாத பெரியவர் ஒருவருக்கு, அவர் தரப்பு தோற்றுப்போன தீர்ப்பையே வரி வரியாகப் படித்துக் காட்டி, எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்லி அனுப்பினான். மேஜைமேல் ஒருவர் வைத்த பரிசுப் பெட்டியை, அவர் முகம் வாடாதபடி, உங்கள் பிள்ளைகள் தேடுவார்கள் என்று சிரித்தே திருப்பிக் கொடுத்தான். இப்படியும் ஒருத்தனா என்று மலைத்துப் போனாள். மனசுக்குள் ஒரு மூலை மெல்ல நனைந்தது.

அடுத்த முறை போனது ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கு. வேண்டுமென்றேதான் விட்டாள், நமக்குள் இருக்கட்டும். அதற்கடுத்து விசாரணை எந்தத் தேதி என்று கேட்கப் போனாள். தேதி அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனும், ஏற்கனவே சொன்னதை முதல் தடவை சொல்வது போலவே சொன்னான்.

நாய்கள் கடிக்காதா என்று அவன் கேட்டான்.

"நாய் எங்கங்க கடிக்குது... அதை வளர்க்கறவங்கதான், காசு கேட்டா கடிக்கறாங்க."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக ஊரிலுள்ள நாய்க்கெல்லாம் இலவசமாக நகம் வெட்டலாம் என்று தோன்றியது அவளுக்கு.

விசாரணை நாளில் இருக்கிற சேலையில் நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் நாற்காலியில் அவன் இல்லை. அவனுக்கு மேலதிகாரியான பெரிய மேடம் உட்கார்ந்திருந்தார். கட்டணத்தில் ஒரு காசுகூட விட்டுக் கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவர். என்ன ஆச்சு என்று குமாஸ்தாவிடம் கேட்டாள். சாரே காலையில் வந்து, இந்த வழக்கு தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

வராந்தாவில் அவன் தூணோரமாக நின்றான். நேராக அவன் முன்னால் போனாள்.

"கை கழுவிட்டீங்க இல்ல?"

"ஆமாங்க... விசாரணை முடியட்டும், காரணம் சொல்றேன்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களைப் போய் நல்லவர்னு நினைச்சேன் பாருங்க."

திரும்பி நடந்தபோது கண் மறைத்தது. கட்டணத்துக்காக வந்த அழுகை இல்லை அது என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

பெரிய மேடம் சுற்றி வளைக்கவில்லை. ஓட்டியது யார் என்று கேட்டார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "கார் என்னுது மேடம். ஓட்டினது நான் இல்ல, நான் குடுக்கவும் இல்ல. ஆனா யாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அவங்க வீட்டுச் சோத்துல மண்ணைப் போட்டு எனக்குக் கார் வேணாம்."

அப்படியானால் நீதான் கட்ட வேண்டும் என்றார் மேடம்.

"கட்டறேன். தவணை மட்டும் குடுங்க." தவணை முடிகிறவரை கார் கிடைக்காது, அதற்குள் வாடிக்கை எல்லாம் கைமாறிப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

கடைசி பெஞ்சில் ஒரு சலசலப்பு. டிரைவர் சட்டையோடு அத்தான் எழுந்து நின்றிருந்தார், பக்கத்தில் அக்கா. மச்சினி தன் பெயரை இழுக்கப் போகிறாள், பதிலுக்குப் பதில் பேசிவிட வேண்டும் என்று தயாராக வந்த மனிதர். அவள் பெயரையே சொல்லாததில், பாவம், வீம்பெல்லாம் வடிந்துவிட்டது.

"நான்தான் மேடம் ஓட்டினேன். கேட்காம எடுத்தேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. என் பேர்ல எழுதுங்க."

மேடம் எழுதினார். அக்கா ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். அத்தான் தலையைச் சொறிந்தபடி, வீட்டுக்கு வா, உன்னிடம் நிறைய மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

வெளியே வந்தால்... அதே தூணோரம். அவன் நகரவே இல்லை.

ஜெயித்தவளுக்கு ஒரு மிடுக்கு வருமே, அந்த மிடுக்கோடு அவள் நின்றாள். "இப்ப சொல்லுங்க. ஏன் விட்டீங்க?"

"விதி இருக்குங்க. புகார் குடுத்தவங்க வேண்டப்பட்டவங்களா இருந்தா, விசாரிக்கறவன் அந்த நாற்காலியில உக்காரக் கூடாது."

"நான் உங்களுக்கு என்ன வேணும்? மாமன் மகளா, அத்தை மகளா?"

அவன் காது மடல் சிவந்தது. இத்தனை பேருடைய கதையைக் கேட்கத் தெரிந்தவனுக்குத் தன் கதையைச் சொல்ல வரவில்லை. "நேத்து உங்க ஃபைலைத் திறந்தேன்... ஒரு பக்கம்கூடப் படிக்க முடியல. நீங்க ஜெயிக்கணும்னு மட்டும்தான் மனசு சொல்லிச்சு. அப்படிப்பட்டவன் தீர்ப்பு எழுதினா அது நியாயமா இருக்காதில்ல?"

"தோத்திருந்தா?"

"வெளியில நின்னு திட்டு வாங்கியிருப்பேன். வாங்கிட்டு இதையேதான் சொல்லியிருப்பேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க... ரொம்ப."

பட்டாசு நமத்துவிட்டது. தன்னைப் பிடித்துப்போன காரணத்தாலேயே தன்னைக் கைவிட்டவனை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. இவ்வளவு நேர்மையானவனையா அப்படிப் பேசினோம் என்று ஒரு பக்கம் வெட்கம், இவன் எனக்காம் என்று இன்னொரு பக்கம் பெருமை... இரண்டும் சேர்ந்து முகத்தில் ஏறிவிட்டன. தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அப்போ இனிமே என் கேஸ் எதையும் நீங்க விசாரிக்க முடியாது."

"முடியாதா?"

"முடியாது... ஆயுசுக்கும்."