திருப்பிய நேரம்

மலைச்சாலையின் எழுபதாவது வளைவைத் தாண்டியதும் மூடுபனி வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றியும் பயனில்லை.

"தின்ன இட்டிலி ஒவ்வொரு வளைவுலயும் எட்டிப் பாத்துட்டுப் போச்சுங்க மேடம்" என்றான் நல்லமுத்து. ராசிபுரத்துக்காரன், எங்கள் கம்பெனியின் வயர்மேன், வாய் ஓயாதவன். நான் சிரித்தேன். இந்த ஊருக்கு வரும் வழியில் என்னால் சிரிக்க முடிகிறதே என்று எனக்கே வியப்பாக இருந்தது.

இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வளப்பூர் நாட்டுச் சாலையில் இருக்கும் அந்த விடுதிக்கு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருகிறேன். அங்கே கார் நிறுத்துமிடத்தில், மின்சார வண்டிகளுக்கு இரண்டு சார்ஜர்கள் பொருத்தித் தரவேண்டியது எங்கள் வேலை. வேலைக்கு சூப்பர்வைசர் ஜெயசுதா, அதாவது நான். முதல் சார்ஜர் சிக்கலில்லாமல் முடிந்தது. இரண்டாவதைப் பொருத்தும்போது எங்கள் மூத்த வயர்மேன் மாதேஸ்வரன் இறந்துபோனார். கருகிய பெட்டியைக் கழற்றிவிட்டு அதே சிமெண்ட் மேடையில் புதிதாக ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு இணைப்புக் கொடுக்கத்தான் இப்போது வந்திருக்கிறோம்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பியில் கை வைக்கப் போகிறவர், முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, அதற்கென உள்ள புத்தகத்தில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். லைன் கிளியர் வாங்குவது என்போம். வேலை முடிந்ததும் அவரே வந்து 'திருப்பிய நேரம்' என்ற கட்டத்தில் மறுபடி கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் மின்சாரம். வாங்கியவரைத் தவிர வேறு யார் வந்து சொன்னாலும், கூடப் பிறந்தவனே வந்து சொன்னாலும், பேனல் அறையில் இருக்கும் மெயின் சுவிட்சின் கைப்பிடியைத் தொடக் கூடாது.

மாதேஸ்வரன் பதினொன்று இருபதுக்கு வாங்கினார். பன்னிரண்டு ஐந்துக்குத் திருப்பினார் என்று புத்தகத்தில் இருக்கிறது.

அதை எழுதியது நான்.

அன்று விடுதி முழுக்க மின்சாரம் நின்றிருந்தது. மேலாளர் அர்த்தனாரி சமையலறைக்கும் பேனல் அறைக்குமாக நடந்து நடந்து என் பொறுமையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரிவில் இருநூறு அடி கீழே இருந்த கார் நிறுத்துமிடம் பனியில் தெரியவில்லை. குரல் கொடுத்தேன். பதில் இல்லை. போனை எடுக்கவில்லை. தூறலுக்கு எங்காவது ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் கையெழுத்து எளிது. 'மா'வை மட்டும் பெரிதாகச் சுழிப்பார். சுழித்தேன். கைப்பிடியை மேலே தூக்கினேன்.

கீழே ஏதோ வெடித்தது.

ஓடிப் போனபோது அவர் பெட்டிக்குள் தோள்வரை சாய்ந்து நின்றிருந்தார். விரல்கள் செம்புப் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே ஆளனுப்பி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விடுதி ஆட்களோடு சேர்ந்து இழுத்தேன். உடம்பு வந்தது, உள்ளங்கைத் தோல் வரவில்லை.

போலீஸ் விசாரணையில், அவரே வந்து கையெழுத்துப் போட்டார், பிறகு ஏன் மறுபடி போய்க் கை வைத்தார் என்று தெரியாது என்றேன். குடித்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். ஒரே வாரத்தில் மலையெங்கும் அதுவே பேச்சானது. அவர் மனைவி அத்தாயி எடப்புளி நாட்டிலிருந்து வந்து, ஸ்டேஷன் வாசலில் நின்று, அவர் குடிக்க மாட்டாருங்க என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மாதேஸ்வரன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆட்கள் எதிரில் மேடம் என்பார். மறந்துபோனால் அம்மிணி.

அந்த மூன்று வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியவந்ததிலேயே மோசமானது அதுதான்.

இந்த முறை நல்லமுத்து பத்து நாற்பதுக்கு லைன் கிளியர் வாங்கினான். அதே புத்தகம்தான். போலீஸ் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்திருந்தது. நான் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினான். பத்தடியில் பனி அவனை எடுத்துக்கொண்டது.

பேனல் அறை சின்னது. சுவரெல்லாம் ஈரம். அடுத்த அறையில் பரப்பியிருந்த மிளகின் காரம் மூக்கில் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகள் வருவதாகவும், அவர்களில் ஒருவர் மின்சாரக் காரில் வருவதாகவும் அர்த்தனாரி இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது முறை வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குள் அதே எரிச்சல் தலை தூக்கியது. இவ்வளவு நடந்த பிறகும் அது கொஞ்சமும் மாறாமல், அதே இடத்திலிருந்து, அதே வேகத்தில் எழுந்தது. எனக்கு அதைக் கண்டுதான் முதலில் பயம் வந்தது.

அப்போது மிளகின் வாசம் நின்றுபோனது.

அதன் இடத்தில் கருகிய மயிரின் நாற்றம்.

வாசலில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். கோட்டின் தலைமூடி முகத்தை மறைத்திருந்தது. நுனியிலிருந்து நீர் சொட்டியது.

"வேலை முடிஞ்சுதுங்க. லைன் கிளியர் திருப்பணும்."

புத்தகத்தைத் திறந்து மேசையில் தள்ளி, பேனாவை மேலே வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை.

"கை வரலீங்க அம்மிணி" என்றது குரல். "நீங்களே போட்டுருங்க."

நல்லமுத்து ஒருநாளும் என்னை அம்மிணி என்றதில்லை.

எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. மழைக்கோட்டின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்களில் தோல் இல்லை. சூடு மட்டும் இருந்தது, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த இரும்பின் சூடு. என் தோல் பொரியும் சத்தத்தை நானே கேட்டேன்.

இழுத்தேன். விடவில்லை. காலால் உதைத்தேன். என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. உதடு கிழிந்து வாயில் ரத்தம் நிரம்பியது. மறுபடி அடித்தது. பல் ஒன்று நாக்கில் உருண்டது. தலைமயிரைப் பற்றி மேசைக்கு இழுத்துக் கொண்டுபோய், முகத்தைப் புத்தகத்தின் மேல் அழுத்தியது. கடித்தேன். வாய்க்குள் சாம்பல் உதிர்ந்தது.

என் வலது கை பேனாவை எடுத்தது.

'திருப்பிய நேரம்' கட்டத்தில் நல்லமுத்துவின் பெயரை எழுதியது. அழகாக எழுதியது.

பிறகு அந்தக் கை பேனலை நோக்கிப் போனது. உடம்பு அதன் பின்னால் இழுபட்டது. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி மூடின. காதருகே அந்தக் குரல், கோபமே இல்லாமல், மரியாதை குறையாமல் சொன்னது.

"நான் திருப்பலீங்களே அம்மிணி."

கைப்பிடி ஒரு விரற்கடை உயர்ந்தது. என் கையின் மேல் அந்தக் கை இருந்தது. ஆனால் அது அவ்வளவாக அழுத்தவில்லை. பெரும்பாலும் என் கையேதான் தூக்கிக்கொண்டிருந்தது. அதை நான் உணர்ந்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கீழே நல்லமுத்து இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டிருப்பான்.

இடது கையால் பேனலின் இரும்புக் கதவைப் பிடித்தேன். வலது கையின் மேல் ஓங்கிச் சாத்தினேன்.

விரல்கள் திறக்கவில்லை.

மறுபடி சாத்தினேன். எலும்பு முறியும் சத்தம் அறைக்குள் காய்ந்த சுள்ளிபோல் கேட்டது. கைப்பிடி இன்னும் உயர்ந்தது.

"நான்தான் எழுதினேன்" என்று கத்தினேன். "நீங்க திருப்பல. நான்தான் உங்க பேரை எழுதினேன்."

மூன்றாம் முறை முழு உடம்பையும் கதவோடு சேர்த்து எறிந்தேன். மணிக்கட்டில் வெள்ளை எலும்பு வெளியே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

மிளகின் காரம் திரும்ப வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த நல்லமுத்து, ரத்தத்தையும் புத்தகத்தில் தான் போடாத தன் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முழுசாக நின்றிருந்தான். அதைப் பார்த்த பிறகே கீழே விழுந்தேன். துண்டால் என் கையைக் கட்டி வண்டியில் படுக்க வைத்தான். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், மூன்று வாரம் முன்பு நான் செய்ததைச் சொன்னேன். வாய் ஓயாத அவன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் வண்டியை ஓட்டினான். இறக்கிவிடும்போது மட்டும், போலீசுக்கு யார் போன் பண்ணுவது என்று கேட்டான். நீயே பண்ணு என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தாயி வந்தாள். சப் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துச் சொன்னேன். அவர் குடிக்கவில்லை, மறக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை, அவர் உள்ளே இருக்கும்போது நான் மின்சாரம் கொடுத்தேன். அவள் அழவில்லை. அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சப் இன்ஸ்பெக்டர் புத்தகத்தை விரித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இங்க இருந்த கையெழுத்த நாங்க நாலு பேரு பாத்தோமுங்க" என்றார் மெதுவாக.

என் பக்கம் திருப்பிக் காட்டினார். கீழ் வரியில் நான் எழுதிய நல்லமுத்துவின் பெயர் அப்படியே இருந்தது. மேல் வரியில், மாதேஸ்வரன், வாங்கிய நேரம் பதினொன்று இருபது. அதை ஒட்டிய கட்டத்தில் ஒன்றுமில்லை. சுரண்டிய தடம் இல்லை, மை ஊறிய தடம் இல்லை. நகலிலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

அத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அவரு இன்னும் திருப்பிக் குடுக்கல" என்றாள்.

"இல்லீங்க."

அப்போது சப் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. விடுதியிலிருந்து அர்த்தனாரி. அவர் பேசியது அறை முழுக்கக் கேட்டது. வேறு ஆள் யாரையாவது கம்பெனியில் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டார். விடியற்காலையிலிருந்து கார் நிறுத்துமிடத்தில் ஸ்பானர் போட்டு முறுக்கும் சத்தம் வருகிறதாம். அர்த்தனாரியே இப்போது பெட்டிக்கு எதிரில்தான் நிற்கிறாராம், அங்கே ஆள் யாரும் இல்லையாம். பெட்டியின் கதவு பூட்டியிருக்கிறதாம், சத்தம் அதற்குள்ளிருந்து வருகிறதாம்.

"கேக்குதுங்களா சார்?"

கேட்டது. ஒரு முறுக்கு, நிறுத்தம், ஒரு முறுக்கு. அவசரமில்லாத, தெரிந்த கையின் வேலை.

அத்தாயி எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, போனருகே குனிந்தாள்.

"ஏனுங்க" என்றாள். "சோறு உண்டீங்களா?"

ஸ்பானர் சத்தம் நின்றது.