ஓட்டை வாளி

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு அதில்தான் ஏறுவேன். இன்றைக்கும் கண்ணை மூடினால், அந்தக் கிளையின் வழுவழுப்பு உள்ளங்கையில் தெரிகிறது.

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் நூல்போல வந்தது. “மரத்துக்கு ரெண்டு வாளிதான்” என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அண்ணன் இரண்டையும் அடிமரத்தில் மடமடவென்று கவிழ்த்துவிட்டு விளையாட ஓடிவிடுவான். தினமும் ஊற்றியும் இலைகள் சுருண்டு உதிர்ந்தன.

பேருந்து ஓட்டிவிட்டு வந்த அப்பா, மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“பட்டுப்போச்சு போல. ஞாயித்துக்கிழமை வெட்டிடலாம்.”

“வேணாம்ப்பா! நான் பாத்துக்கறேன்.”

“நீ என்ன செய்வே, குட்டி?”

எனக்கே தெரியவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். பாதித் தண்ணீர் சரிந்து வேலிப் பக்கம் ஓடியது. கரண்டியால் மண்ணைக் கிளறினேன். மேலே விரல் அளவு ஈரம். அடியில் மாவு மாதிரி காய்ந்த மண்.

“அண்ணா, மரம் குடிக்கவே இல்ல! மூஞ்சி மட்டும்தான் கழுவியிருக்கு.”

கொஞ்சம் தள்ளித் தோண்டினேன். கிளைகளின் நுனிக்கு நேர் கீழே, தலைமுடி போலச் சன்னமான வேர்கள் இருந்தன. இங்கேதான் வாய் இருக்கிறது என்று தோன்றியது.

அம்மா தூக்கிப்போட வைத்திருந்த வாளியைக் கேட்டேன்.

“அந்த ஓட்டை வாளியா? அதுல தண்ணி நிக்காதேடி.”

“நிக்க வேணாம்மா. மெதுவா ஒழுகினா போதும்.”

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே, கிளை நுனிகளுக்குக் கீழே மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டினான். உதிர்ந்த இலைகளை அதில் பரப்பினேன். வெயில் தாழ்ந்ததும் வாளியை வைத்து நிரப்பினேன். சொட்டு... சொட்டு... ஒரு பக்கம் நனைந்ததும் அடுத்த பக்கம் நகர்த்தினேன்.

“மரத்துக்கு மருந்து ஊட்டறியா?” என்று அண்ணன் சிரித்தான். ஆனால் அன்று அவன் விளையாடப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துளிர் எதுவும் இல்லை. அப்பா கரண்டியால் பள்ளத்தைக் கிளறினார். முழங்கை ஆழத்துக்கு மண் குளிர்ந்திருந்தது.

“சரி, இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்” என்றார்.

ஐந்தாம் நாள் அம்மா கத்திய கத்தலில் நாங்கள் விழுந்தடித்து ஓடினோம். கிளை நுனியில், நகத்தளவுக்கு இரண்டு துளிர்கள்!

சாயங்காலம் அப்பா வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக மரத்தடிக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து, வாளியை மெல்ல நகர்த்தி வைத்தார்.

“குட்டி, இந்தப் பக்கம் இன்னும் குடிக்கல” என்றார்.

அன்று அவர் வீட்டுக்குள் வர வெகு நேரமாயிற்று.