மூன்று ஆணிகள்

நிவாரண மன்றத்தின் பொறி தங்கபுஷ்பத்தின் கதிர்மணியைச் சூடாக்கிப் பார்த்தது. கதிர் வேலை பார்ப்பவர்கள் மார்பில் அணியும் கடுகளவு மணி. பட்ட கதிரையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, சூடேறியதும் ஒளியாகக் கக்கிவிடும் உப்பு அதற்குள் இருக்கிறது. அவளுடைய மணி கக்கவில்லை. இருட்டாகவே கிடந்தது.

உடம்பைக் கதிரால் ஊடுருவிப் படமெடுக்கும் ஊடுபட அறையில் பத்தொன்பது வருஷம் நின்றவள். நான்கு மாதமாக ஈறில் ரத்தம் கசிகிறது. எலும்புக்குள் மஜ்ஜை வற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாற்று மஜ்ஜை ஏற்றினால் பிழைக்கலாம். ஆனால் கதிர் பட்டதென்று மணி சொன்னால்தான் ஏற்றுவார்கள்.

"மண்ணும் வானமுமே ஆளுக்குக் கொஞ்சம் கதிர் குடுக்கும். இதுல அதுகூட இல்ல," என்றார் எழுத்தர். "நீங்க இந்த உலகத்துலதான் இருந்தீங்களாம்மா?"

அவள் இருந்தாள். மணிதான் இல்லை. அது கதிர் புகாத ஈயப்பெட்டிக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணி நிறைந்துவிட்டால் ஓராண்டு அறைக்குள் நுழையக்கூடாது என்பது சட்டம். அங்கே படமெடுக்க இருந்ததே அவளும் இசக்கியப்பனும்தான். அதனால் மருத்துவமனையை நடத்தும் டாக்டர் கோமதிநாயகம் ஒரு வழக்கம் வைத்தார்: புது மணி வந்த அன்றே அதைக் கழற்றிப் பெட்டிக்குள் மாட்டிவிட வேண்டும், வருஷம் முடியும்வரை எடுக்கக்கூடாது. தனக்கும் ஓர் ஆணி அடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று சிரித்தார். வருஷந்தோறும் மூன்று மணிகளும் வெறுமையாகவே போய்வந்தன. மாநிலத்திலேயே கதிர் கசியாத மருத்துவமனை என்று, 'பூச்சியக் கதிர்' எனப் பித்தளை எழுத்துப் பதித்த பலகை கிடைத்தது. அதன் பிறகு அந்தச் சுவர்களைச் சோதிக்க யாரும் வரவில்லை. போன பங்குனியில் இசக்கியப்பன் செத்தபோது காய்ச்சல் என்று எழுதினார்கள்.

கழற்றி மாட்டியது தன் கைதானே என்று தங்கபுஷ்பம் அடிக்கடி நினைத்துக்கொண்டாள்.

எழுத்தர் இன்னொரு வழி சொன்னார். பல்லின் மேற்பூச்சு பட்ட கதிரை மறப்பதில்லை. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொடுத்தால் பல்மானி என்ற பொறி அதைப் படித்துவிடும். கூடவே, மணியைக் கழற்றியதைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதித் தரவேண்டும். தன் வாக்குத் தனக்குச் செல்லாது.

பல்லைப் பிடுங்கினாள். ரத்தம் நிற்க இரண்டு நாள் ஆனது. அந்த அறையில் நின்றவருக்குப் பட்டிருக்கக்கூடியதைப்போல் ஆறு மடங்கு என்றது பல்மானி. பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் டாக்டர் ஒருவர்தான். அவர் மறுத்துவிட்டார். பல் சொல்கிறதென்று எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரியை இழுத்து மூடிவிடுவார்கள், நாற்பது பேர் தெருவில் நிற்பார்கள் என்றார்.

ஆறு மடங்கு எங்கிருந்து வந்தது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அதையே யோசித்தாள். திங்கட்கிழமை காலை, டாக்டரின் நாற்காலிக்கு எதிரே தொங்கும் அந்தப் பித்தளை எழுத்துப் பலகைக்குப் பின்னால் ஒரு படத்தட்டைச் செருகினாள். சாயங்காலம் எடுத்துக் கழுவினாள்.

புதன்கிழமை அதைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள். இது யாருடைய படம் என்று சொல்லச் சொன்னாள்.

தொழில் பழக்கத்தில் டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "மங்கலா எடுத்திருக்கியேம்மா. ஆள் அசைஞ்சிருக்கான். நெஞ்சுக்கூடு, முதுகெலும்பு. கூனி உக்காந்திருக்கான், அறுபது வயசிருக்கும். இது என்ன குறுக்கால எழுத்து?"

வாசித்தார். பூச்சியக் கதிர். தலையைத் தூக்கி எதிர்ச்சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தார். பிறகு, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஊடுபட அறையின் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"செவத்துக்குள்ளயும் நாங்க நின்ன மறைப்புக்குள்ளயும் ஈயத்தகடு வெடிச்சுக் கெடக்கு டாக்டர். எத்தன வருஷமோ. வாரவன் போறவனுக்கு எடுக்கும்போதெல்லாம் உங்களுக்கும் சேத்து எடுத்திருக்கோம், காசில்லாம."

அவர் நாக்கு தன் கடைவாய்ப் பல்லைத் தடவியது கன்னத்தில் தெரிந்தது.

"என் மணியும் பூச்சியம்தான?" என்றார் மெதுவாக.

"ஆமா. அத நீங்க ஆணியில மாட்டுனதப் பாத்தது ரெண்டே பேரு. ஒருத்தர் போய்ச் சேந்துட்டாரு." வெள்ளைத்தாளை அவர் முன்னால் தள்ளினாள். "நான் இருந்தாத்தான் உங்களுக்குச் சாட்சி. எழுதுங்க."

டாக்டர் எழுதினார். அவள் நின்றபடியே வாங்கி வாசித்தாள்.

"நான் கவனக்குறைவால கழட்டுனேன்னு இருக்கு. அத அடிச்சிட்டு, உங்க உத்தரவுலன்னு போடுங்க."

அடித்துவிட்டுப் போட்டார். பேனாவை மூடப் போனார். அவள் இன்னொரு தாளை எடுத்து வைத்தாள்.

"இது இசக்கியப்பனுக்கு. காய்ச்சல் இல்ல, கதிருன்னு எழுதுங்க. அது முடிஞ்ச பிறகு உங்களுக்கு நான் எழுதுதேன்."