எதிர்ப்பக்கத்து ஆள்

டர்பைன் நின்றுவிட்டது, அதிர்வுமானியின் எண் மட்டும் பூச்சியத்துக்கு இறங்கவில்லை. எண்ணெய்ப் பம்பின் அதிர்வாக இருக்கும் என்று நினைத்துப் பொறியாளர் ஜெயதீபன் பம்பையும் நிறுத்தினான். எண் இறங்கவில்லை.

மண்சரிவில் மின்கம்பங்கள் சாய்ந்ததிலிருந்து, பொகவந்தலாவை மேட்டிலிருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலை விறகுக் கொதிகலனையும் இந்தப் பழைய நீராவி டர்பைனையும் நம்பித்தான் ஓடியது.

"கொழுந்து லொறி கேட்டுல நிக்குதுங்க சார்," என்றார் கொதிகலன் பார்க்கும் பழனியாண்டி. "இன்னைக்கு மெசின் ஓடலன்னா எல்லாம் அவிஞ்சு போயிரும். ஃபெக்டரிய மூடிருவேன்னு தோட்டத்துத் தொர வேற சொல்லிட்டாரு."

"போன முறை நிப்பாட்டினாப் பிறகு தண்டைச் சுத்தி விட்டனீங்களோ, அண்ணை?"

பழனியாண்டி தலையைச் சொறிந்தார். "ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குக் கூப்பிட்டாங்க. போகலன்னா பேரு விழாது, அன்னைக்குச் சம்பளமும் கெடையாதுங்களே."

அதுதான் கோளாறு. சூட்டோடு அசையாமல் கிடந்த டர்பைன் தண்டு நடுவில் வளைந்திருந்தது; மானி காட்டியது அந்த வளைவைத்தான். அது நிமிர, கடப்பாரையால் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இந்த முனையில் ஒருவர் அரைச்சுற்று, அந்த முனையில் ஒருவர் அரைச்சுற்று. ஆளுயர இரும்புக்கூடு நடுவில் மறைப்பதால், முடித்தவர் ஒரு தட்டுத் தட்டினால் மற்றவர் தொடங்குவார்.

"யாழ்ப்பாண வெயில்ல பொறந்தவரு, இந்தக் குளிருக்கு நல்லா சுத்துங்க சார்," என்று சிரித்தபடி பழனியாண்டி மறுபக்கம் போனார்.

மதியமே இறங்கிவிட்ட மூடுபனி கண்ணாடிகளில் வெள்ளையாக அப்பியிருந்தது. வாடும் கொழுந்தின் பச்சை வாசமும் கருகிய எண்ணெயின் காறலும் தொண்டையில் இறங்க, கூரைத் தகரத்தில் நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே, சுற்றும் தட்டுமாக வேலை நகர்ந்தது. மானியின் எண் குறையத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்துக் கை சீராக இருந்தது. போகப்போக, மிகச் சீராக. இருமல் இல்லை. பேச்சு இல்லை.

வாசற்கதவு திறந்தது. நனைந்த விறகுக்கட்டோடு பழனியாண்டி.

"கோவிச்சுக்காதீங்க சார். பாய்லர் அணையப் பாத்துச்சு, அப்பவே ஓடிட்டேன். தனியாவா சுத்துனீங்க?"

டக்.

அவன் முறை.

சுற்றாவிட்டால் தண்டு மறுபடி வளையும். கொழுந்து போகும், தொழிற்சாலையும் போகும். கை எழவில்லை.

டக். டக்.

இரும்புக்கூட்டின் ஓரமாக எட்டிப் பார்த்தான். யாருமில்லை. அந்தப் பக்கத்துக் கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது.

"சார்..." பழனியாண்டியின் கையிலிருந்து விறகு சரிந்தது. "தண்டப் பாருங்க."

அது நகர்ந்தது. தானாக. தொட்டால் பொசுக்கும் அந்த எஃகில், ஓர் உள்ளங்கைத் தோல் ஐந்து விரல்களோடும் முழுதாக ஒட்டி, ஓரம் சுருண்டு, ஆவி பறக்க, அவனை நோக்கி மேலேறி வந்தது.