கண்ணாடியில் பிசுக்கு

குளிர்கிடங்கின் கதவைத் திறந்ததுமே நாற்றம் இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தில் அறைந்தது. மலையாய்க் குவிந்த மீன் மொத்தமும் அழுகி நீர் வடிந்துகொண்டிருந்தது. ஈக்கள் விருந்துக்கு வந்தாயிற்று.

விடுமுறைக்குப் பூட்டிப் போனவர்கள் திரும்பியபோது இந்தக் கோலம். பூட்டிய அன்று மாலையே யாரோ 'நிறுத்து' பட்டனை அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. முதலாளியம்மா கை காட்டியது அங்கே வேலை பார்க்கும் கிடங்குப் பெண்ணை. வேண்டுமென்றே செய்த நாசவேலை, உள்ளே தள்ளுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கதவருகே சுவரில் தொடுதிரை. இரண்டே பட்டன். இடப்பக்கம் சிவப்பில் 'நிறுத்து'. வலப்பக்கம் பச்சையில் 'குளிர்'. புரோகிராம் எழுதியவன் முதலாளியம்மாவின் தம்பி. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றான். தனக்கு வேலை மாடியில் ஏசி அறையில். இந்த நாற்றத்துப் பக்கமே வருவதில்லை. திரையை மாட்டிய நாளிலிருந்து புரோகிராமில் கை வைக்கவில்லை என்றான்.

"கைரேகை எடுங்க மேடம். சிவப்புல இவ விரல்தான் இருக்கும்."

கிடங்குப் பெண் அழவில்லை.

"கதவைத் திறந்தா குளிர் தானா நின்னுடும். தினமும் கூடையை இடுப்புல வச்சுக்கிட்டே பச்சையைத் தட்டிட்டுப் போவேன். சிவப்பு ரிப்பேர்காரருக்கு. நான் தொட்டதே இல்லம்மா."

"அன்னிக்குப் பார்த்துத்தான் தட்டினியா?"

"வீட்டு லைட்டை யாரும்மா பார்த்துப் போடுறாங்க?"

யாரோடாவது தகராறா என்று கேட்டதற்கு முதலாளியம்மாவை முறைத்தாள். குளிர் அறைக்குள் தம்பி தன் மேல் கை வைத்ததையும், தான் அவன் கன்னத்தில் ஒன்று விட்டதையும் அப்போதே அவளிடம் சொல்லியிருக்கிறாள். சின்னப் பையன், விட்டுடு என்றாளாம் அக்கா.

இன்ஸ்பெக்டரம்மா திரையருகே குனிந்தார். சிவப்புப் பட்டனின் மேல் பிசுக்கு அடையடையாய் ஏறி, செதில் ஒட்டி, விரல் நுனிக்கு மேடு தட்டியிருந்தது. பச்சையின் மேல் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"சிவப்பைத்தானே தொட்டிருக்கா?" என்றான் தம்பி.

"ஒரு தடவை தொட்டா இவ்வளவு பிசுக்கு ஏறுமா தம்பி? இது மாசக்கணக்கா விரல் பட்ட இடம். அப்போ இங்கே இருந்தது பச்சை."

பட்டன் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் புரோகிராமில் எண் உண்டு. இரண்டு எண்களை இடம் மாற்றினால் போதும். மாடியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். அந்த வித்தை தெரிந்தவன் இந்தக் கட்டிடத்தில் ஒருவன்தான். பழகிய விரல் பழைய இடத்துக்குப் போயிருக்கிறது.

"அவ ரேகை சிவப்புல சிக்கட்டும்னுதான் திருப்பி மாத்தாம விட்டீங்க. கிட்ட வந்து பார்த்திருந்தா இந்த அழுக்கும் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத்தான் அருவருப்பாச்சே."

தம்பி கைக்குட்டைக்குள் சிரித்தான். "பட்டனை நகர்த்தினது ஒரு குத்தமா? அழுத்தினது அவதானே."

வெளியே தெரிய வேண்டாம், உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முதலாளியம்மா குழைந்தாள்.

கிடங்குப் பெண்ணை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, தம்பியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார் இன்ஸ்பெக்டரம்மா. கதவையும் சாத்தச் சொன்னார். சாத்தினார்கள். அக்கா நின்ற பக்கம் நாற்றம் குறையவே இல்லை.