அந்தப் பைக்குள் என்ன?

திருவொற்றியூர்க் கோயில் வாசலில் செருப்புகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பது மலர்க்கொடியின் வேலை. காலாண்டு விடுமுறை என்பதால் அவர் மகள் மகிழினியும் கூடவே இருந்தாள்.

"எம்மா, அந்த வெள்ளக்காரரு இன்னிக்கும் வந்துகிறாரு."

"வந்தா இன்னா? செருப்ப வாங்கி வை."

"டெய்லி நாலு மணி நேரம் உள்ள இன்னாம்மா பண்றாரு?"

"சாமி கும்புடுவாரு."

நாலு மணி நேரமா? பரீட்சை நாளில்கூட மகிழினி நாலு நிமிடத்துக்கு மேல் கும்பிட்டதில்லை. சந்தேகம் செருப்புக்குள் புகுந்த சிறுகல் மாதிரி. எடுத்துப் போடும்வரை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கோயில் மண்டபத்தில் தொங்கிய சின்னப் பித்தளை விளக்கை மூன்று நாளாகக் காணவில்லை. பழி முழுக்க, அங்கே பெருக்கித் துடைக்கும் கெங்கம்மாவின் தலையில் விழுந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள விளக்கு வரலன்னா நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

கெங்கம்மா அத்தையா திருடுவார்? கீழே கிடந்த தங்கத் தோட்டையே தேடிப்போய்க் கொடுத்தவர் ஆயிற்றே. மகிழினிக்கு அழுகையே வந்தது.

வெள்ளைக்காரர் வர ஆரம்பித்து நாலு நாள். விளக்கு போய் மூன்று நாள். கணக்கு சரியாகத்தானே வருகிறது?

அன்று மகிழினி அவர் பின்னாலேயே போனாள். கிளம்பும்போது எல்லோரும் சண்டிகேசுவரர் சன்னிதியில் நின்று கைகளைத் தட்டிக் காட்டினார்கள். அவர் மட்டும் தோளில் தொங்கிய பையை அணைத்துக்கொண்டு நேரே நடந்தார்.

மகிழினி ஓடிப்போய் வழிமறித்தாள்.

"கையத் தட்டிக் காட்டிட்டுப் போங்க. சிவன் சொத்து எதையும் எடுத்துகினு போவலன்னு."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாகக் கைகளைத் தட்டினார். "ஒண்ணும் எடுக்கல பாப்பா."

தமிழ். அதுவும் காசிமேட்டுத் தமிழ். மகிழினியின் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"தொறமுகத்துல நம்ம தோஸ்துங்கோ. என் பேரு மாரெக். ஊரு போலந்து. கப்பல்ல மெக்கானிக்கு. ரிப்பேருக்கு வந்து ஆறு மாசம் இங்கயே கெடந்தோம்."

"கப்பல் எங்க?"

"பூடுச்சி."

"நீங்க ஏன் போவல?"

மாரெக் மண்டபத்தை அண்ணாந்து பார்த்தார். "ஒரு நாளு சும்மா கோயிலு பாக்க வந்தேன். அப்புறம் காஞ்சிபுரம், மகாபலிபுரம். இந்தக் கல்லு, இந்த ஜனம், இந்த நாடு... உட்டுட்டுப் போவ மனசு வரல. லீவு போட்டுட்டேன்."

நன்றாகத்தான் கதை விடுகிறார் என்று நினைத்தாள் மகிழினி. "பையத் தொறங்க."

உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம், தடிமனான ஒரு நோட்டு. நோட்டு முழுக்கப் பென்சில் படங்கள். கொடிமரம், தூண்கள், பூக்கட்டும் பெண்கள். ஒரு பக்கத்தில் மகிழினியின் கை நின்றுவிட்டது.

ஒரு கையில் டியூப் லைட்டோடு ஒருவர் ஏணிமேல் நிற்கிறார். அதற்கு இடைஞ்சலாகத் தொங்கிய பித்தளை விளக்கை மறு கையால், தூணின் உச்சியில் இருக்கும் யாளிச் சிலையின் முதுகுக்குப் பின்னால் வைக்கிறார்.

"இத எப்ப வரைஞ்சீங்க?"

"மூணு நாளு முன்னாடி."

"ஏணியக்கூடவா வரைவாங்க?"

"ஆச வெச்சிட்டா எத உடறது?" என்றார் மாரெக்.

மகிழினி நோட்டோடு மேற்பார்வையாளரிடம் ஓடினாள். ஏணி வந்தது. யாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து விளக்கும் வந்தது. லைட் மாட்ட வந்தவர் அதை அங்கேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். தினமும் அந்தத் தூணைத் தாண்டிப் போகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, கெடச்சிடுச்சி. கெங்கம்மா, போய் வேலையப் பாரு."

கெங்கம்மா துடைப்பத்தைத் தொடவில்லை. அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் மகிழினிக்குப் புரிந்துவிட்டது. அவள் மாரெக் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் உங்கள திருடன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிச்சிக்கோங்க."

எல்லாருடைய கண்ணும் மேற்பார்வையாளர் மேல் போய் நின்றது.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நானும் தப்பு பண்ணிட்டேன் கெங்கம்மா. விளக்க நீ எடுக்கல. மன்னிச்சிடும்மா."

கெங்கம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மாரெக் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, விளக்கைக் கையில் ஏந்தி நிற்கும்படி அவரைக் கேட்டார்.

"கொஞ்சம் இரு நைனா" என்றார் கெங்கம்மா. "தலய வாரிகினு வந்துடறேன்."