வாடகைக்காரருக்குப் பெரிய சங்கு

பட்டப்பகலில் மகளின் அறை ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை போட்டிருந்தது. பஸ் ஓட்டிவிட்டு மதியம் வீடு திரும்பிய டிரைவர் அதை இழுக்கப் போனார். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"சத்தம் போடாதீங்க. வாடகைக்காரர் தோல் உரிக்கப் போயிருக்கார்."

வாடகைக்காரர் என்றால் சங்கு நண்டு. எவனோ விட்டுப்போன ஓட்டுக்குள் குடியிருந்துகொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் எட்டிப்பார்க்கும் பிராணிக்கு வேறென்ன பேர் வைப்பது என்று மகள்தான் கேட்டாள். கண்ணாடித் தொட்டியில் ஈர மணல் நிரப்பி அவள்தான் வளர்த்தாள். தோல் உரிக்கும் காலத்தில் நண்டு மணலுக்குள் புதைந்துவிடும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, மணல் காயக் கூடாது, தோண்டவே கூடாது. வளர்ந்து வெளியே வரும்போது பழைய சங்கு பத்தாது. பெரிய காலிச் சங்கு பக்கத்திலேயே இருக்க வேண்டும். "புரிஞ்சுதா டிரைவரே?" என்று அப்பனுக்கே பாடம் நடத்துவாள். பாடம் முடிந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். ஒட்டிய மணலை அவர் தட்டிவிட வேண்டும். அது அவருடைய டியூட்டி.

மகளுக்குக் காய்ச்சல் ஒன்று வந்தது. பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தார்கள். அந்த வாரமே நண்டும் மணலுக்குள் இறங்கியது; அறை ஜன்னலுக்குப் போர்வை ஏறியது.

மனைவி சோறு வடிக்க மறந்தாள். தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்க மறக்கவில்லை. இதாவது அவளைப் பிடித்து வைத்திருக்கிறதே என்று டிரைவர் அவள் போக்கிலேயே விட்டுவிட்டார். பிள்ளைதான் போயிற்று, இவளும் கையைவிட்டுப் போய்விடக் கூடாது. அவருக்கிருந்த ஒரே பயம் அதுதான்.

ஒரு நாள் மணல்மேல் நண்டு கிடந்தது. கால், கொடுக்கு, கண்கூட அப்படியே. அசைவில்லை. மனைவி பார்த்தால் தாங்கமாட்டாள் என்று காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டார். அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணீங்க! அது சாகலைங்க. கழட்டிப் போட்ட சட்டைங்க இது. இதைத் தின்னாத்தான் அதுக்குத் தெம்பே வரும்."

உண்மைதான். சில நாளில் மணல் புடைத்தது. இளஞ்சிவப்பாய், மெத்தென்று, முன்னைவிடப் பெரிதாய் வாடகைக்காரர் எழுந்து வந்து, பெரிய சங்குக்குள் பின்பக்கமாக நுழைந்துகொண்டார். மகள் போனபிறகு மனைவி அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாமளும் சட்டையைப் பார்த்துத்தான் ஏமாந்துட்டோமோ? அவசரப்பட்டு அழுதுட்டோமோ?"

வாயைக் கழுவு என்று டிரைவர் சொல்ல நினைத்தார். பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது?

அதன்பிறகு வீட்டில் ஈரம் ஏறத் தொடங்கியது. எல்லா ஜன்னலுக்கும் போர்வை வந்தது. மகள் குளித்து விளையாடிய பெரிய பிளாஸ்டிக் தொட்டி அவள் அறைக்குள் போனது. அதில் நிரம்பியிருந்தது மணல் இல்லை, கறுத்த மண். எங்கிருந்து அள்ளிவந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அதே மண்ணை அவரும் ஒரு பிடி அள்ளிப் போட்டிருக்கிறார்.

தொட்டியைச் சுற்றி மகளின் கவுன்களை விரித்து வைத்தாள் மனைவி. ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். "இதெல்லாம் பத்தாது. வளர்ந்திருப்பா" என்று முணுமுணுத்தாள்.

அழுகல் நாற்றம் வருமென்று பயந்தார். வரவில்லை. மழை விட்டதும் எழும் மண்வாசனையும், அதற்கடியில் மகள் தலைக்குத் தேய்க்கும் சோப்பின் வாசனையும் வந்தன. மூடிய கதவுக்குப் பின்னால் எதுவோ சுரண்டும். நின்று, மறுபடி சுரண்டும். நண்டாக இருக்கும். நண்டுதான்.

"உங்க அக்கா வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வருவோமாம்மா? என் கண்ணு இல்ல?"

"நான் போயிட்டா நம்ம பொண்ணுக்கு இடம் வேண்டாமா?"

மறுநாள் மதியம் வாசல் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே இருட்டு. செருப்புக்கடியில் மண் நெரிந்தது. மகளின் அறை. தொட்டி மண் உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தது. நடுவில் பள்ளம். கவுன்கள் தையல் விட்டுக் கிடந்தன, போட்டுப் பார்த்துக் கழற்றியதுபோல. நண்டு தன் சங்குக்குள் ஆழமாக ஒடுங்கி, கொடுக்கால் வாயை அடைத்திருந்தது.

கட்டில் விளிம்பில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அப்பாடா! அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்னம்மா நீ, கதவைத் திறந்து போட்டுட்டு..."

அவள் காலை நீட்டினாள்.

"மணல் ஒட்டியிருக்கு, டிரைவரே."

மனைவியின் வாய். மனைவியின் கால். ஆனால் மனைவி அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அம்மா எங்க, கண்ணு?"

"அம்மா காலி பண்ணிக் குடுத்துட்டாங்க."

டிரைவர் தரையில் உட்கார்ந்தார். ஓடத்தான் நினைத்தார். ஆனால் எந்தக் குரலுக்காக ஏங்கினாரோ அந்தக் குரல். பாதத்தை மடியில் எடுத்து வைத்தார். கண்ணீர் அதன்மேல் விழுந்தது. மண்ணைத் தட்டினார். விரல் பட்ட இடத்தில் தோல் தொளதொளவென்று நகர்ந்தது, பெரியவர் காலுறையைப் பிள்ளை மாட்டிக்கொண்டதுபோல. அதற்குள்ளே, சற்றுத் தள்ளி, இன்னொரு குதிகால் தட்டுப்பட்டது. சின்னது. ஈரமாய், மெத்தென்று.

கூச்சத்தில் அது உள்ளே சுருங்கிக்கொண்டு சிரித்தது. பிறகு அடுத்த காலையும் நீட்டியது.

அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.